பல்பணிக் கட்டமைப்பு (விண்கலம்)

விண்கலத்தின் சுமையைத் தாங்கும் பலகையே மின்சுற்றாகவும் கம்பியாகவும் வெப்பம் வெளியேறும் வழியாகவும் இருக்கும்படி அமைப்பது பல்பணிக் கட்டமைப்பு. புதுச்சேரியின் பாகூர் ஏரிக்கரையும் இப்படித்தான்: அது நீரைத் தேக்குகிறது. ஆட்களும் மாடுகளும் நடப்பதும் அதன்மேல்தான். இரண்டுக்கும் தனித்தனியாக யாரும் மண் கொட்டுவதில்லை.

வழக்கமான செயற்கைக்கோளில் சட்டகம் தனி. மின்னணுக் கருவிகள் அலுமினியப் பெட்டிகளில் அடைபட்டு அதன்மேல் திருகப்படும். அவற்றைக் கம்பிக் கற்றைகள் இணைக்கும். எரிபொருள் நீங்கலான எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் சட்டகமே எடுத்துக்கொள்வதுண்டு. ஆனால் அதன் முழு வலுவும் தேவைப்படுவது ஏவும்போது மட்டும். அந்தச் சில நிமிடக் குலுக்கலுக்குப் பிறகு, ஆண்டுக்கணக்கில் அது பெரும்பாலும் சும்மா இருக்கிறது. அந்த எடைக்கு இன்னொரு வேலை கொடுப்பதே இம்முறையின் நோக்கம்.

1998 அக்டோபர் 24 அன்று நாசா ஏவிய டீப் ஸ்பேஸ் 1 கலத்தில் இது சோதிக்கப்பட்டது. கூட்டுப்பொருள் பலகையின்மீது செம்பும் பாலிஇமைடும் சேர்ந்த மெல்லிய நெகிழ்சுற்றுகள் ஒட்டப்பட்டன. தடித்த கம்பிகளும் இணைப்பிகளும் செய்யும் வேலையை அவை ஏற்றன. சில்லுகளின் வெப்பத்தைப் பலகை வாங்கிக்கொண்டது. இந்தியத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களின் தேன்கூட்டுப் பலகைகளுக்குள் வெப்பக்குழாய்கள் புதைக்கப்படுவதும் இதற்கு நெருங்கிய உறவுதான்.

சிக்கல் பழுதில் இருக்கிறது. பெட்டியென்றால் கழற்றி மாற்றலாம். பலகையோடு ஒட்டிய சுற்று கெட்டால் பலகையே வீண். சட்டகத்தையும் சுற்றையும் தனித்தனியாகச் சோதிக்கவும் இயலாது. சுமை தாங்கும் பலகையையே மின்கலமாகவும் ஆக்கினால் வேறொரு விலை உண்டு: சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகம் 2021இல் அறிவித்த கார்பன் இழை மின்கலம் கிலோவுக்கு 24 வாட்-மணி ஆற்றலே தந்தது. சாதாரண லித்தியம்-அயனி மின்கலத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு.

மிகச் சிறிய விண்கலங்களில் இம்முறை இயல்பாகவே வந்துவிடுகிறது. 2019இல் கிக்சாட்-2 செயற்கைக்கோள் சிதறவிட்ட ஸ்பிரைட்டுகள் என்னும் குறுங்கலங்கள் சுமார் 4 கிராம் எடையுள்ளவை. அவற்றுக்குச் சுற்றுப்பலகையைத் தவிர வேறு உடலே இல்லை.

இஸ்ரோ இதே சிக்கனத்தைப் பெரிய அளவில் செய்தது. செயற்கைக்கோள்களை இறக்கிவிட்ட பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டம் முன்பு வெறும் விண்குப்பை. 2019 ஜனவரியில் பி.எஸ்.எல்.வி.-சி44இன் அக்கட்டம், சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா உருவாக்கிய கலாம்சாட்-வி2வுக்குச் சுற்றுப்பாதை மேடையானது. 2022 ஜூன் 30 அன்று பி.எஸ்.எல்.வி.-சி53இல் போயம் என்ற பெயரில் அது நிலைநிறுத்தப்பட்ட மேடையாயிற்று: எரிபொருள் தொட்டியைச் சுற்றிச் சூரியத்தகடுகள், ஒரு லித்தியம்-அயனி மின்கலம், ஆறு ஆய்வுக்கருவிகள். சுற்றைப் பலகைக்குள் புதைக்காததால் கண்டிப்பான வரையறைக்குள் இது வராது. ஆனாலும் தொட்டி தன் வேலை முடிந்தபின் கலத்தின் உடலாயிற்று.