அரும்பு மீசைக் கதைகள் - தமிழின் சின்னப் படங்களுக்கு ஒரு வரலாறு

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ராஜா தேசிங்கு. 1714ல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இறந்தபோது அவனுக்கு வயது 22 என்பார்கள். இன்றைய கணக்கில் டிகிரி முடித்துவிட்டு அரியர் எழுதிக்கொண்டிருக்கும் வயது! 1960ல் டி.ஆர். ரகுநாத் இயக்கத்தில் 'ராஜா தேசிங்கு' படம் வந்தது. தேசிங்காக நடித்த எம்.ஜி.ஆருக்கு அப்போது வயது 43.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து ரசிகர்கள் தேடி வந்தது வீரனை. ஒரு பையன் எப்படி அந்த வீரன் ஆனான், எதற்குப் பயந்தான், யாரிடம் அழுதான் என்ற கேள்விகளுக்கு அன்றைய பெரிய படங்களில் இடம் இல்லை. அந்தக் கேள்விகளைக் கேட்டவை சின்னப் படங்கள்தான். பிள்ளைப் பருவம் முடிந்து பெரிய மனிதன் ஆகும் அந்த ரெண்டுங்கெட்டான் வயதைப் பற்றித் தமிழில் எப்போது, யார், எந்தப் பணத்தில் படம் எடுத்தார்கள்? கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

முதல் புள்ளி: 1960

அதே 1960ல் இன்னொரு படமும் வந்தது. பெயர் 'பாதை தெரியுது பார்'. இயக்கியவர் வங்காளத்திலிருந்து வந்த நிமாய் கோஷ், இசை எம்.பி. ஸ்ரீநிவாசன். இடதுசாரிச் சிந்தனை கொண்ட கலைஞர்களும் நண்பர்களும் கூடி எடுத்த தொழிலாளர் கதை. இது வளரும் பிள்ளையின் கதை அல்ல. ஆனால் பெரிய முதலாளியும் பெரிய ஸ்டுடியோவும் இல்லாமல் தமிழில் ஒரு படம் எடுக்கலாம் என்று காட்டியது. தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. தியேட்டரில் ஓடவில்லை.

உலகமும் அப்போது அந்தப் பக்கம்தான் நடந்துகொண்டிருந்தது. சத்யஜித் ராய் 1955ல் வெளியான 'பதேர் பாஞ்சாலி'யை எடுத்தபோது பணம் தீர்ந்து, படப்பிடிப்பு பலமுறை நின்று, கடைசியில் மேற்கு வங்க அரசின் உதவியோடு முடிந்தது. பிரான்சில் த்ரூஃபோ 1959ல் ஒரு ஓடுகாலிச் சிறுவனை வைத்து '400 ப்ளோஸ்' எடுத்து, கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கினார். சிறுவனின் கண் வழியாக உலகத்தைப் பார்ப்பது ஒரு புது வழியாக இருந்தது.

சிட்டி என்ற சேரிப் பையன்

தமிழில் அந்த வழியைத் திறந்தவர் ஒரு எழுத்தாளர். கடலூர்க்காரரான ஜெயகாந்தன் தன் 'உன்னைப்போல் ஒருவன்' நாவலைத் தானே படமாக இயக்கினார். அம்மாவின் வாழ்க்கையில் இன்னொரு ஆண் வருவதைத் தாங்க முடியாத சேரிச் சிறுவன் சிட்டியின் கதை அது. அம்மா கெட்டவள் இல்லை, பையனும் கெட்டவன் இல்லை. அதுதான் கதையின் வலி. அன்றைய சினிமாவில் அம்மா என்றால் தெய்வம். அந்த அம்மாவுக்கும் ஒரு மனசு உண்டு என்று புரிந்துகொள்ளும் இடத்தில் ஒரு பையன் வளர்கிறான் என்று 1965லேயே சொல்லிவிட்டார் ஜெயகாந்தன். 'சாருலதா' தங்கப் பதக்கம் வாங்கிய அதே ஆண்டுக்கான தேசிய விருதில், இதற்கு மூன்றாவது சிறந்த படத்துக்கான சான்றிதழ் கிடைத்தது.

டீச்சரும் மூன்று பையன்களும்

அடுத்த பெரிய படி 1979. மட்டக்களப்புப் பக்கம் பிறந்து, பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்த பாலு மகேந்திரா, தன் முதல் தமிழ்ப் படமாக 'அழியாத கோலங்கள்' எடுத்தார். கிராமம், ஆறு, மூன்று நண்பர்கள், ஊருக்குப் புதிதாக வரும் டீச்சர். அவ்வளவுதான் கதை! 1971ல் வந்த 'சம்மர் ஆஃப் 42' என்ற அமெரிக்கப் படத்தின் பாதிப்பு இதில் உண்டு. ஆனால் பையன்களின் குறும்பும் கூச்சமும் குற்ற உணர்ச்சியும் அசல் நம்ம ஊர். டீச்சராக நடித்த ஷோபாவுக்குப் படம் வெளியானபோது வயது வெறும் 17. அடுத்த ஆண்டு மே மாதமே அவர் இறந்துபோனார். அதை அறிந்து பார்க்கும்போது படம் இன்னும் கனக்கிறது.

1981ல் சந்தான பாரதியும் பி. வாசுவும் சேர்ந்து இயக்கிய 'பன்னீர் புஷ்பங்கள்' ஊட்டியில் பள்ளிக்கூடக் காதலைச் சொன்னது. இளையராஜா இசை. பள்ளிக் காதலைக் கேலி செய்யாமலும், அதற்காக அரிவாள் தூக்காமலும் பேசிய படம்.

மறுபடி நம்ம பக்கம்

பழைய தென்னாற்காடு மாவட்டம் என்பது கடலூர், பண்ருட்டி, விழுப்புரம், செஞ்சி எல்லாம் சேர்ந்தது. 1993ல்தான் விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. இந்த மண்ணிலிருந்து ஜெயகாந்தனுக்குப் பிறகு வந்த இன்னொருவர் தங்கர் பச்சான். பண்ருட்டிப் பக்கம் பத்திரக்கோட்டைக்காரர். 2002ல் வந்த அவருடைய 'அழகி', பள்ளிக்கூட நாட்களில் தொடங்கிப் பெரியவர்களின் வாழ்க்கையில் முடிகிறது. முந்திரித் தோப்பும் செம்மண்ணுமாக நம் ஊர் அதில் தெரிகிறது. வளர்வது என்றால் ஒன்றை இழப்பதும்தான் என்று சொன்ன படம்.

பீட்சாவும் கூழாங்கல்லும்

2009ல் பாண்டிராஜின் 'பசங்க'. தயாரித்தவர் சசிகுமார். புதுக்கோட்டை மாவட்டம் விராச்சிலையில், தன் பெயருக்குப் பின்னால் தானே ஐ.ஏ.எஸ். போட்டுக்கொள்ளும் அன்புக்கும் ஜீவாவுக்கும் நடக்கும் சண்டை. சிறந்த தமிழ்ப் படம், வசனம், குழந்தை நட்சத்திரம் என்று தேசிய விருதுகளை அள்ளியது.

மணிகண்டனின் 'காக்கா முட்டை' 2014ல் டொராண்டோ விழாவில் திரையிடப்பட்டு, 2015ல் இங்கே வெளியானது. ரயிலிலிருந்து சிந்தும் கரியைப் பொறுக்கி விற்று பீட்சாவுக்குக் காசு சேர்க்கும் இரண்டு தம்பிகள். கடைசியில் அவர்களுக்குத் தெரியவருவது பீட்சாவின் ருசி மட்டும் இல்லை, தங்களுக்கு ஊர் போட்டிருக்கும் விலையும்தான்.

2021ல் பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்த விருது வாங்கிய முதல் தமிழ்ப் படம் அதுதான். குடிகார அப்பாவின் பின்னால் கொதிக்கும் வெயிலில் நடக்கும் வேலு என்ற சிறுவன். வசனம் கொஞ்சம், வெயில் நிறைய. 2024ல் மாரி செல்வராஜின் 'வாழை', வாழைத்தார் சுமக்கும் பள்ளிச் சிறுவன் வழியாக இயக்குநரின் சொந்தப் பிள்ளைப் பருவத்தையே சொன்னது. தியேட்டரிலும் நன்றாக ஓடியது.

கணக்கு என்ன சொல்கிறது?

இந்த வரிசையைப் பணத்தின் பக்கம் இருந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். 1960ல் நண்பர்கள் கூடி எடுத்தார்கள். பின்னாளில் ஜெயித்த சினிமாக்காரர்களே கை கொடுத்தார்கள். 'பசங்க'வுக்கு சசிகுமார், 'காக்கா முட்டை'க்கு தனுஷும் வெற்றிமாறனும், 'கூழாங்கல்'லுக்கு நயன்தாராவும் விக்னேஷ் சிவனும். எடுக்கும் செலவு குறைந்துவிட்டது. ஆனால் சரக்கை மக்களிடம் கொண்டு சேர்க்கும் செலவு குறையவில்லை. உலக விருது வாங்கிய 'கூழாங்கல்' நம் மக்களுக்குப் பார்க்கக் கிடைத்தது 2023ல்தான், அதுவும் ஓடிடியில்!

ஒரு பெரிய குறை

கவனித்தீர்களா? இதுவரை சொன்ன படங்கள் அநேகமாக எல்லாமே பையன்களின் கதை. தமிழில் 'வயசுக்கு வருவது' என்ற சொல் பெண்களுக்கு மட்டும்தான். அதற்குச் சடங்கு உண்டு, சீர் உண்டு, ஊர் கூட்டிப் பந்தலும் உண்டு. ஆனால் அந்தப் பெண்ணின் மனசில் என்ன நடந்தது என்று கேட்கத்தான் ஆள் இல்லை. சொல் அவர்களுக்கு, படம் இவர்களுக்கு! 2025ல் வர்ஷா பரத் இயக்கிய 'பேட் கேர்ள்' அந்த இடத்தை நிரப்ப வந்தது. ராட்டர்டாமில் நெட்பேக் விருது வாங்கியது. இங்கே டீசருக்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பையன் டீச்சரை ரசித்தால் 'அழியாத கோலம்', பெண் தன் ஆசையைச் சொன்னால் கலாச்சாரச் சீரழிவா? யோசிக்க வேண்டிய கேள்வி.

கல்லும் பிலிமும்

செஞ்சிப் பக்கம் சீயமங்கலத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் சுமார் 1400 ஆண்டுகளாக நிற்கிறது. செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் வரிசையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மன்னர்களின் கல்லுக்குக் காவல் இருக்கிறது, நல்லது. ஆனால் 60 ஆண்டுக்கு முன் வந்த 'பாதை தெரியுது பார்', 'உன்னைப்போல் ஒருவன்' இரண்டையும் இன்று தேடிப் பார்ப்பது பெரும்பாடு. சிட்டியை நாவலில்தான் சந்திக்க வேண்டியிருக்கிறது. தேசிங்கின் கதையைப் பாட்டாகவும் கூத்தாகவும் ஊர் காப்பாற்றியது. சிட்டிக்கும் வேலுவுக்கும் அப்படி யாரும் இல்லை. பார்ப்பவர்கள் இருந்தால்தான் அவர்கள் இருப்பார்கள்.

செமஸ்டர் லீவில் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வரிசை: முதலில் 'பசங்க', சிரித்துக்கொண்டே பார்க்கலாம். அடுத்து 'காக்கா முட்டை'. பிறகு 'அழியாத கோலங்கள்', 'அழகி', 'வாழை'. கடைசியாக 'கூழாங்கல்', அதுவும் போனை அணைத்துவிட்டு. பார்த்து முடித்ததும் வீட்டில் இருக்கும் தம்பி தங்கையிடம் "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஒரு முழுப் படத்துக்கான கதை கிடைக்கும்!