மதிப்பெண் இல்லாத பாடம்

மாணாக்கர் இணையவழி அனுப்பும் கட்டுரைக்கு ஆசிரியர் தம் இல்லத்திலிருந்தே மதிப்பெண்ணும் குறிப்பும் இடுகின்ற இந்நாளில், 1815இல் பிறந்து, திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையைச் சூழ்ந்த வீதிகளில் வாழ்ந்து, நாடி வந்தோர்க்கெல்லாம் ஊதியம் கருதாது தமிழ் போதித்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை நினைக்கிறேன். பூவாளூர்த் தியாகராச செட்டியார் முதலியோர் அவரிடம் பாடங்கேட்டவர்கள். அக்காலத்தில் மதிப்பெண் ஏது? மாணாக்கன் செய்யுளை வாய்விட்டுப் படிப்பான். சீர் பிறழ்ந்தால் ஆசான் அக்கணமே நிறுத்தித் திருத்துவார். எழுத்தாணி கீறியதை ஓலையினின்று அழித்தல் அரிதாதலின், பிழையைச் செவியிலேயே களைவது அவசியமாயிற்று. எண்ணால் அளந்து விலகும் மதிப்பீட்டினும், அருகிருந்து திருத்திய அந்தச் சிரத்தையே மேலானதென்பது என் துணிபு. அச்சிரத்தையைப் பெற்றவருள் ஒருவராய், பிள்ளையவர்கள் பின்னாளில் வாழ்ந்த மாயூரத்தில் 1871இல் அவரை அடைந்த உ. வே. சாமிநாதையர், 1876இல் ஆசான் மறையும்வரை கற்று, பிற்காலத்தில் அவர் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதினார்.