வெறும் வயிறும் வினாக்கொத்தும்

பாடசாலையில் ஆலோசனை ஆசிரியையாக இருந்த காலத்தில்தான் ‘ஈட்-26’ என்ற வினாக்கொத்து என் கைக்கு வந்தது. உணவுக் கோளாறு உள்ளவர்களைக் கண்டுபிடிக்க, பிள்ளைகளே நிரப்பிக் கொடுக்கும் தாள் அது. சாப்பிடச் சொல்லி மற்றவர்கள் வற்புறுத்துகிறார்களா, வயிறு வெறுமையாய் இருப்பது பிடிக்குமா என்றெல்லாம் கேட்கிறது. அநேகமான கேள்விகளில் ‘எப்போதும்’ என்றால் 3 புள்ளி; 20 சேர்ந்தால் வைத்தியரிடம் அனுப்பவேண்டும். எங்கள் கிழக்கிலங்கைச் சாய்ந்தமருதில், பலர் சேர்ந்துண்ணும் கலியாணச் சஹனை விட்டு முதலில் எழும்பிப் பாருங்கள், “இன்னும் ரெண்டு வாய் தின்னு புள்ள” என்று மாமிமார் கையைப் பிடித்து இருத்திவிடுவார்கள். அதற்கே 3 புள்ளி!

இதன் மூலத்தை 1979இல் கனடாவின் ரொறன்ரோவில் கார்னரும் கார்ஃபிங்கலும் 40 கேள்விகளோடு உருவாக்கினார்கள். 1982இல் அது 26 ஆகச் சுருங்கியது. பிறகு கடல் கடந்தது. லண்டனிலும் கெய்ரோவிலும் படித்த அரபு மாணவிகளிடம் மெர்வத் நாசர் இதைக் கொடுத்து, 1986இல் முடிவை வெளியிட்டார். லண்டனில் 22 சதவீதமும் கெய்ரோவில் 12 சதவீதமும் எல்லையைத் தாண்டினார்கள். நேரில் விசாரித்தபோது, லண்டனில் ஆறு பேருக்கு, அளவுமீறித் தின்றுவிட்டு அதைக் கழிக்க முயலும் ‘புலிமியா’ நோய் இருந்தது. கெய்ரோவில் ஒருவருக்கும் நோய் இல்லை.

வட இந்தியாவில் நடந்தது இன்னும் விசேஷம். கிங்கும் புக்ராவும் 580 பள்ளி மாணவிகளிடம் கொடுத்தார்கள். 29 சதவீதம் எல்லையைத் தாண்டியது. ஊரே நோயில் கிடந்ததா என்ன? சில கேள்விகளை அந்தப் பிள்ளைகள் தங்கள் விரதத்தை வைத்து விளங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த ஆய்வு வெளிவந்தது 1989இல். சென்னையில் சீனிவாசனும் சுரேஷும் கூட்டாளிகளும் மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து, அங்கு காணப்பட்ட சிக்கலுக்கேற்ற வினாக்கொத்தொன்றைத் தாங்களே ஆக்கி 1998இல் வெளியிட்டார்கள். எனக்குச் சரியாகப் படுவது அந்த வழிதான்.

அதற்காக, எங்கள் கரையில் இந்த நோயே இல்லை என்று நான் சொல்லவில்லை. நோன்பைச் சாட்டிப் பட்டினி கிடக்கிற பிள்ளையும் இருக்கலாம். அபாயாவுக்குள் அவள் மெலிவது உம்மாவுக்கும் தெரியாது. ஆசிரியைமாரே, றமழானில் இந்தத் தாளைக் கொடுக்காதீர்கள். பெருநாளும் அதன் பின்வரும் ஆறு நோன்பும் கழியட்டும். இருபதை எட்டிய பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, நோன்பு நாட்களில் விடியுமுன் சஹருக்கு என்ன சாப்பிட்டாள் என்று முதலில் கேளுங்கள்.