பிலிப்பைன்ஸ் புலம்பெயர் தொழிலாளர்கள்

பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ஒப்பந்த அடிப்படையில் அயல்நாடுகளுக்குச் சென்று வீட்டுப் பணியாளர்களாகவும் செவிலியராகவும் கட்டுமானத் தொழிலாளர்களாகவும் கப்பல் ஊழியர்களாகவும் உழைப்போர் அந்நாட்டில் 'ஓ.எஃப்.டபிள்யூ.' (அயல்நாட்டுப் பிலிப்பினோத் தொழிலாளர்) என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படுகின்றனர். அந்நாட்டுப் புள்ளியியல் ஆணையத்தின் கணக்கெடுப்புப்படி 2023-இல் இவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 21.6 லட்சம், இவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள், ஐந்தில் ஒரு பங்கினர் சவுதி அரேபியாவில் பணிபுரிந்தனர். நிரந்தரமாகக் குடிபெயர்ந்தோரும் இவர்களுமாகச் சேர்ந்து 2024-இல் வங்கிகள் வழியாகத் தாயகத்துக்கு அனுப்பிய பணம் 3,400 கோடி அமெரிக்க டாலரைக் கடந்தது. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் எட்டு விழுக்காட்டுக்கு ஈடான இத்தொகை, அதை ஈட்டியவர்கள் கொடுத்த விலையைக் கணக்கில் கொள்வதில்லை.

அமெரிக்க ஆட்சிக் காலத்தில், 1906-இல், ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் தொகுதியாகப் 15 பேர் அழைத்துச் செல்லப்பட்டதிலிருந்து இவ்வரலாறு தொடங்குகிறது. எனினும் ஆள் அனுப்புவதை அரசின் கொள்கையாக மாற்றியது அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் காலத்தில் வெளியான 1974-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பே ஆகும். உள்நாட்டில் வேலையின்மையும் வெளிநாட்டுக் கடனும் பெருகிவந்த வேளையில், எண்ணெய் விலையேற்றத்தால் செல்வம் குவித்த வளைகுடா நாடுகள் ஆள் தேடியதால், தற்காலிக ஏற்பாடாகக் கருதப்பட்ட ஆள் அனுப்பும் முறை அரை நூற்றாண்டாக நீடிக்கிறது. 1982-இல் பிறப்பிக்கப்பட்ட அரசாணை, தொழிலாளர்கள் தம் ஊதியத்தில் 50 முதல் 80 விழுக்காடு வரை வங்கி வழியாக நாட்டுக்கு அனுப்பியே தீர வேண்டும் என்றும், தவறினால் கடவுச்சீட்டு புதுப்பிக்கப்படாது என்றும் விதித்தது. ஹாங்காங்கில் இருந்த பணிப்பெண்கள் அமைப்பாகத் திரண்டு எதிர்த்ததை அடுத்து 1985-இல் அத்தண்டனைகள் கைவிடப்பட்டன. வீட்டு வேலை செய்வோர் தம் அரசையே பணியவைத்த அந்நிகழ்வு, அவர்களை வெறும் பரிதாபத்துக்கு உரியவர்களாக மட்டும் பார்ப்பது பிழை என்பதற்குச் சான்றாகும். 1988-இல் அதிபர் கொராசோன் அக்கினோ இவர்களைப் 'புதிய வீரர்கள்' எனப் போற்றினார். அன்று முதல் அரசு விழாக்களில் அப்பட்டம் தவறாமல் ஒலித்துவருகிறது.

துன்பம் பெரும்பாலும் விமானம் ஏறுமுன்பே தொடங்குகிறது. வீட்டுப் பணியாளர்களிடம் பணியமர்த்தும் கட்டணம் பெறலாகாது என 2006-இல் விதி வகுக்கப்பட்டபோதும், பயிற்சிச் செலவு, மருத்துவப் பரிசோதனை போன்ற பெயர்களில் முகவர்கள் பணம் கறப்பது நிற்கவில்லை. அதற்காக நிலத்தை அடகு வைப்போரும், ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்பித் தரவேண்டிய 'ஐந்து-ஆறு' எனப்படும் கந்துவட்டிக் கடனில் விழுவோரும் பலர். சென்றிறங்கிய பின், ஊரில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ஒதுக்கிவிட்டுக் குறைந்த சம்பளத்துக்கு வேறோர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் 'ஒப்பந்த மாற்று' என்னும் மோசடி நடக்கிறது. வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது மறுத்துத் திரும்பி வர எவராலும் இயலாது.

வளைகுடா நாடுகளிலும் லெபனானிலும் நடைமுறையிலுள்ள 'கஃபாலா' என்பது, தொழிலாளியின் தங்கும் உரிமையை ஒரே முதலாளியின் பொறுப்பில் கட்டிவைக்கும் முறையாகும். 'கஃபீல்' எனப்படும் அம்முதலாளியைத் தமிழகத் தொழிலாளர்களும் இலங்கைப் பணிப்பெண்களும் நன்கறிவர். கடவுச்சீட்டு அவரிடம் இருக்க, வேலை மாறுவதற்கோ வெளியேறுவதற்கோ அவருடைய இசைவு தேவைப்பட்டுவந்தது. சில நாடுகள் அண்மையில் விதிகளைத் தளர்த்தியபோதும், பூட்டிய வீட்டுக்குள் வேலை செய்பவரிடம் அத்தளர்வு எளிதில் வந்து சேர்வதில்லை. அடி தாங்காமல் ஓடிவந்தவள் 'தப்பியோடியவள்' எனப் பதிவு செய்யப்பட்டுச் சட்டத்தின்முன் குற்றவாளியாகிறாள். 2018 பிப்ரவரியில் குவைத்தில், ஆளில்லாமல் கிடந்த ஓர் அடுக்ககத்தின் உறைபெட்டிக்குள் பிலிப்பினோப் பணிப்பெண் ஒருவரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அதன் பின்னரே, கடவுச்சீட்டை முதலாளி வைத்துக்கொள்ளலாகாது, வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும், கைப்பேசி வைத்திருக்க அனுமதிக்க வேண்டும் என்ற எளிய உரிமைகளுக்காக அவ்வாண்டு மே மாதத்தில் இரு நாடுகளும் உடன்பாடு செய்துகொண்டன. 2023 ஜனவரியில் அதே நாட்டின் பாலைவனத்தில் மற்றொரு பணிப்பெண்ணின் எரிந்த உடல் கிடந்தது.

ஹாங்காங்கில் சட்டப் பாதுகாப்பு மிகுதி. குறைந்தபட்ச ஊதியமும் உண்டு. ஆயினும் பணிப்பெண் முதலாளியின் வீட்டிலேயே தங்க வேண்டும். வேலை போனால் இரண்டு வாரத்துக்குள் ஹாங்காங்கைவிட்டு வெளியேற வேண்டும். பிற வெளிநாட்டவர் ஏழாண்டு வசித்தால் பெறத்தக்க நிரந்தர வசிப்புரிமை பணிப்பெண்களுக்கு இல்லை என 2013-இல் அங்குள்ள இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்ட்ரல் பகுதியின் நடைமேம்பாலங்களிலும் சேட்டர் சாலையிலும் ஆயிரக்கணக்கானோர் அட்டைகளை விரித்து அமர்ந்து, உணவைப் பகிர்ந்து, தலைவாரி, பிள்ளைகளுடன் கைப்பேசியில் பேசிக்கொண்டிருப்பதைக் காணலாம். அங்கேயே 'பாலிக்பாயன்' பெட்டிகளும் கட்டப்படுகின்றன. ஊர் திரும்புவோர் என்னும் பொருளுடைய பெயர் தாங்கிய இப்பெரிய அட்டைப்பெட்டியில் சோப்பு, பற்பசை, தகர டப்பாக்களில் அடைத்த மாட்டிறைச்சி, சாக்லேட், பிள்ளைகளின் காலணி ஆகியவை மாதக்கணக்கில் சேர்த்து நிரப்பப்பட்டுக் கப்பல் வழியே அனுப்பப்படுகின்றன. காலணி வாங்குபவள் பிள்ளையின் கால் அளவைத் தொலைபேசியில் கேட்டே அறிகிறாள். பெட்டி போய்ச் சேர வாரங்கள் பல ஆகும்.

தாயின் இடத்தை வீட்டில் யார் நிரப்புகிறார் என்பதை ஆராய்ந்த சமூகவியலாளர் ரேசல் சலசார் பரேன்யாஸ், மனைவி அயல்நாடு சென்றபின்னும் கணவர்கள் குழந்தை வளர்ப்பைப் பெரிதும் ஏற்பதில்லை என்றும், அச்சுமை பாட்டி, சித்தி, மூத்த மகள் ஆகியோர்மேல் இறங்குகிறது என்றும் 2005-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். அயலார் குழந்தையைக் கூலிக்கு வளர்க்கும் தாய், தன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரில் தன்னினும் ஏழையான ஒருத்திக்குக் கூலி கொடுப்பதும் உண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்தவர்கள் வீட்டு வேலைக்குச் செல்வதால் கற்ற கல்வி வீணாவதும் இவ்விழப்போடு சேர்த்து எண்ணத்தக்கது.

ஆபத்து வீட்டுப் பணியோடு நின்றுவிடுவதில்லை. உலகக் கப்பல் ஊழியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பிலிப்பினோ. 2023 நவம்பரில் செங்கடலில் ஏமனின் ஹூதிக் கிளர்ச்சியாளர்கள் கைப்பற்றிய 'கேலக்ஸி லீடர்' கப்பலின் 25 ஊழியர்களில் 17 பேர் பிலிப்பினோக்கள். 2025 ஜனவரியில்தான் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். கொரோனாத் தொற்றின் தொடக்க மாதங்களில் அமெரிக்காவில் உயிரிழந்த செவிலியரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பிலிப்பினோ மரபினர் என அங்குள்ள செவிலியர் சங்கம் கணக்கிட்டது. அந்நாட்டுச் செவிலியரில் இவர்களின் பங்கோ நான்கு விழுக்காடு அளவே.

பிலிப்பைன்ஸ் அரசின் கொள்கையில் திருப்பத்தை உண்டாக்கியது ஃபுளோர் கொன்டெம்பிளாசியோன் வழக்கு. சக பணிப்பெண் ஒருவரையும் ஒரு சிறுவனையும் கொன்றதாகச் சிங்கப்பூரில் குற்றம் சாட்டப்பட்ட அவர் 1995 மார்ச் 17 அன்று தூக்கிலிடப்பட்டார். தூதரகம் அவருக்கு உரிய காலத்தில் உதவவில்லை என்ற கொதிப்பு நாடெங்கும் பரவி, வெளியுறவு அமைச்சரும் தொழிலாளர் அமைச்சரும் பதவி விலக நேர்ந்தது. அவ்வாண்டு ஜூன் 7 அன்று புலம்பெயர் தொழிலாளர் சட்டம் (குடியரசுச் சட்டம் 8042) நிறைவேறியது. பொருளாதார வளர்ச்சிக்கான வழியாக வெளிநாட்டு வேலையை அரசு ஊக்குவிக்கவில்லை என்று அச்சட்டமே கூறுகிறது. ஆனால் ஆள் அனுப்புவது குறையவில்லை. 2022-இல் அதற்கெனத் தனி அமைச்சகமே செயல்படத் தொடங்கியது. தொழிலாளர்களின் துயரத்துக்கு முதலாளிகளின் கொடுமை மட்டும் காரணமன்று. உள்நாட்டில் வாழத்தக்க ஊதியம் தரும் வேலையை உருவாக்கும் கடமையை அரசுகள் தள்ளிப்போட, இவர்கள் அனுப்பும் பணம் இடமளித்துவிட்டதும் அதே அளவு காரணமாகும்.

வீட்டுப் பணியாளர் உரிமைகளுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கையை 2012-இல் பிலிப்பைன்ஸ் ஏற்று, அது அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வர வழிசெய்தது. அந்நாட்டுப் பணிப்பெண்களை மிகுதியாக வேலைக்கு அமர்த்தும் சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், சிங்கப்பூர் ஆகியவற்றில் எதுவும் 2024 முடியும்வரை அதில் இணையவில்லை.