அப்பாவின் கவாத்துக் கத்தி

நான் காந்தல்காரன். இரண்டாம் வருட விடுமுறையில் அப்பாவின் கவாத்துக் கத்தியிலிருந்த கருப்பை அழுக்கென்று நினைத்து, உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்துவிட்டேன். ஊட்டி மழையாச்சே! ஒரே வாரத்தில் துரு. "என்னடா இன்ஜினியர், கத்தியைக் குளிப்பாட்டிட்டியா?" என்றார் அப்பா.

தெருக்கோடிக் கொல்லுப்பட்டறைக்கு ஓடினேன். பெரியவர் கத்தியை உலையில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்தார். வாய்ப்பக்கத்தை மட்டும் செங்கல் தூளால் துலக்கி, முதுகை அனலில் காட்டினார். மஞ்சள் ஓடியது, பிறகு பழுப்பு, ஊதா. ஊதா வந்ததும் எண்ணெயில் முக்கினார். "நீலம் ஏறினா கூர் நிக்காது தம்பி. ஸ்பிரிங்குக்குத்தான் நீலம்."

மஞ்சள் சுமார் 230 டிகிரி, ஊதா 280, நீலம் 300 என்று வகுப்பில் மனப்பாடம் செய்த அதே அட்டவணை! ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது. ஐரோப்பியக் கடிகார முள்ளின் நீலமும் இதுதான். கத்தியின் உடம்பில் படிந்த கருப்பு, எண்ணெயைக் குடித்துத் துருவைத் தடுக்கிறது.

நம் மலையில் இரும்பு வேலைக்கு மூத்தவர்கள் கோத்தர்கள். தோடருக்கும் படகருக்கும் கோடாரி, அரிவாள் அடித்துக் கொடுத்து, நெய்யும் தானியமும் பெற்றார்கள். 20-ம் நூற்றாண்டில் சந்தைக் கருவிகள் பெருகவே அந்தக் கொடுக்கல் வாங்கல் தளர்ந்தது.

பெரியவர் இன்று இல்லை. பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. எத்தனையோ கேட்டிருக்கலாம், நான் கேட்கவில்லை. தம்பி தங்கைகளே, உங்கள் ஊரில் இன்னும் உலை எரிந்தால், ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள்.