பதிவு எங்களுடையதா, பெட்டியினுடையதா?



இரண்டு பதிவுகளைப் பற்றிச் சொல்லி இந்த மாத உரையைத் தொடங்குகிறேன்.

முதலாவது, 1986ஆம் ஆண்டுப் பதிவு. அந்த வருடம் ஓகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த எங்கள் மக்கள் 155 பேரைக் கனடிய மீனவர்கள் காப்பாற்றினார்கள். அவர்களில் பலர் பின்னர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தது நீங்கள் அறிந்ததே. அந்தத் தொலைக்காட்சிச் செய்தியை வீடியோ கசற்றில் பிடித்து வைத்திருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். படம் கொஞ்சம் ஆடுகிறது, நிறம் மங்கிவிட்டது. ஆனாலும் இன்றும் ஓடுகிறது.

இரண்டாவது, எங்கள் வீட்டுப் பதிவு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை இலங்கைக் கரையைச் சுனாமி அடித்தபோது மொன்றியலில் நத்தார் இரவு. அடுத்து வந்த நாட்களில் வந்த செய்திகளை எல்லாம் கேபிள் கொம்பனி தந்த புதிய டிஜிட்டல் பெட்டியில் பதிந்துகொண்டே இருந்தேன். ஒரு முகாமில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றவர்களைக் காட்டியபோது, "உது எங்கட தங்கச்சியின்ர பெடியனெல்லோ!" என்று மாமி எழும்பிவிட்டார். இருபது செக்கன் கூட இராது. அதன் பிறகு மாமி கேட்கும்போதெல்லாம் போட்டுக் காட்டுவேன். 2009இல் அந்தப் பெடியன் இல்லாமல் போனான். ஆனால் அதற்கு முதலே அந்தப் பெட்டி பழுதாகி, கொம்பனிக்காரர் வந்து புதியதைத் தந்துவிட்டுப் பழையதைக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குள் இருந்ததைக் கணினிக்கு மாற்றித் தரக் கேட்டேன். முடியாது என்றார்கள்.

மங்கலான பழைய படம் தப்பிவிட்டது, துல்லியமான புதிய படம் தொலைந்துவிட்டது. இது ஏன் நடந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

வீடியோ டெக் காலத்தில் கேபிளில் வந்த பெரும்பாலான அலைவரிசைகள் திறந்தே வந்தன. கம்பியை டெக்கில் கொழுவி, பொத்தானை அமத்தினால் போதும். ஹொலிவூட் கொம்பனிகள் இதை எதிர்த்து அமெரிக்காவில் சொனி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டன. 1984 ஜனவரி 17ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமில்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஒரு நீதிபதி மாறி நினைத்திருந்தால் டெக்கின் கதை வேறு. கனடாவில் அப்படி ஒரு தீர்ப்பும் இல்லை, அனுமதிக்கும் சட்டமும் இல்லை. ஆனாலும் யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.

பிறகு டிஜிட்டல் வந்தது. முன்பு ஒரு அலைவரிசை பிடித்த இடத்தில் பத்து அலைவரிசைகளை அடைக்கலாம் என்றானது. அதோடு பூட்டும் வந்தது. என்கிரிப்ஷன் என்று சொல்லும் இந்தப் பூட்டில், படம் வெறும் இலக்கங்களாகக் குழப்பப்பட்டு வருகிறது. அதைத் திருப்பி ஒழுங்காக்கும் திறப்பு கொம்பனியின் பெட்டிக்குள் மட்டுமே இருக்கிறது. பெட்டியில் பதியும் நிகழ்ச்சியும் பூட்டோடுதான் பதிகிறது. அதன் ஹாட் டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் பூட்டினாலும் ஒன்றும் பார்க்க முடியாது.

கொம்பனிகளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. காசு கட்டாமல் பார்ப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் காசு கட்டத் தயாராக இருந்தவர்களும் மாட்டினார்கள். தங்கள் மொழி நிகழ்ச்சிக்காக வெளிநாட்டு டிஷ் பூட்டி, அந்த நாட்டுக் கொம்பனிக்கே பணம் கட்டிப் பார்ப்பதும் சட்டவிரோதம் என்று 2002 ஏப்ரலில் கனடிய உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்குள்ள இத்தாலியர்கள் தங்கள் நாட்டின் 'ராய்' தொலைக்காட்சிக்காகப் போராடியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2004இல் ஒலிபரப்பு ஆணைக்குழு முதலில் மறுத்தது. அதே வருடம் டிசம்பரில் வேற்றுமொழி அலைவரிசைகளுக்கான விதியைத் தளர்த்தியது. 2005இல் அனுமதி கிடைத்தது. பூட்டு எல்லோருக்கும் பொதுவானது என்றாலும், வேறு வழி இல்லாத சிறு மொழிக்காரரைத்தான் அது கூடுதலாகத் தாக்கியது.

கணினியில் பதிய ஆசைப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் 'கேபிள் கார்ட்' என்ற ஓர் அட்டையைக் கொடுக்கும்படி அரசு கேபிள் கொம்பனிகளைக் கட்டாயப்படுத்தியது. திறப்பு அந்த அட்டைக்குள் இருந்தது. அதற்கு ஏற்ற கருவியை வாங்கிக் கணினியோடு இணைத்துப் பதிய முடிந்தது. கனடாவில் அப்படி ஒரு கட்டாயம் வரவில்லை. 2008இல் ஹோபாஜ் நிறுவனம் ஒரு சிறிய கருவியை விற்பனைக்கு விட்டது. தொலைக்காட்சிக்குப் போகும் பச்சை, நீலம், சிவப்புக் கம்பிகளை அதில் கொழுவினால், பெட்டி திறந்து வெளியே விட்ட படத்தை அது கணினியில் பதியும். பூட்டில் கை வைக்கவே தேவையில்லை. பின்னர் அந்த மூன்று கம்பிகளின் இடத்துக்கு ஒற்றை எச்.டி.எம்.ஐ. கம்பி வந்தது. அந்தக் கம்பிக்கும் ஒரு பூட்டுப் போட்டார்கள்.

கனடாவில் சட்டம் ஒருவழியாக 2012 நவம்பர் 7ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதியலாம் என்றது. ஆனால் நிபந்தனைகளும் உண்டு. பூட்டை உடைக்கக் கூடாது. ஒரு பிரதி மட்டுமே. மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது. பார்த்து முடிக்கத் தேவையான காலத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

நான் ஒரு கணக்காளன், சட்டத்தரணி அல்ல. ஆனால் இதை வாசித்தபோது சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. கடைப் பற்றுச்சீட்டை ஆறு வருடம் வைத்திரு என்று வரித் திணைக்களம் கட்டளையிடும் அதே நாட்டில், மாமியின் அந்த இருபது செக்கனைப் பார்த்ததும் அழித்துவிட வேண்டும். பிறகு பார்ப்பது என்பது வேறு, காத்து வைப்பது என்பது வேறு. சட்டம் முதலாவதை மட்டுமே நினைத்திருக்கிறது.

காத்து வைப்பதன் பெறுமதிக்கு ஓர் உதாரணம் பிலடெல்பியாவில் இருக்கிறது. மரியன் ஸ்ரோக்ஸ் என்ற முன்னாள் நூலகர் 1970களின் கடைசியில் தொடங்கி, 2012 டிசம்பரில் இறக்கும்வரை, வீட்டில் பல டெக்குகளை வைத்து இரவு பகலாகத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பதிந்தார். சுமார் 70,000 கசற்றுகள். அக்கம்பக்கத்தவருக்கு விசித்திரமாகத்தான் இருந்திருக்கும். 2013இல் அவற்றைச் சான்பிரான்சிஸ்கோவின் இன்ரநெற் ஆர்கைவ் பொறுப்பேற்றது.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததைக் கண்ட சமூகம் நாங்கள். இலண்டனிலும் பாரிசிலும் இருந்து இயங்கிய தமிழ்த் தொலைக்காட்சிகள் சில இன்று இல்லை. அவற்றின் நிகழ்ச்சிகள் சில எங்கள் வீட்டு நிலவறைக் கசற்றுகளில் மட்டுமே மிஞ்சியிருக்கலாம். வீடியோ டெக் செய்த கடைசி நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. கசற்றும் காந்தம் குறைந்து அழிந்துகொண்டிருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த மாதம் ஒரு பின்னேரம் ஒதுக்கி, வீட்டில் உள்ள கசற்றுகளை எடுத்து, எதில் என்ன இருக்கிறது, எந்த வருடம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நீங்களே கமராவில் எடுத்த கலியாணம், கோயில் திருவிழா, ஊர் ஒன்றுகூடல் எல்லாவற்றையும் முதலில் கணினிக்கு மாற்றுங்கள். அவை உங்களுடையவை. அவற்றுக்குப் பூட்டு இல்லை. தொலைக்காட்சியில் இருந்து பதிந்தவற்றை வீசிவிடாதீர்கள். என்ன செய்யலாம் என்று நூலகங்களிடம் விசாரியுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் எங்களுக்கு இருக்கின்றன.

மாமி இப்போதும் சில வேளை கேட்பார், "தம்பி, அந்தப் படம் ஒருக்காப் போடுமன்" என்று. பெட்டி பழுதாகிப் போனதைப் பல தடவை சொல்லிவிட்டேன். பெட்டிதானே போனது, படம் எங்கே போனது என்று திருப்பிக் கேட்பார். அவருக்குச் சொல்ல என்னிடம் சரியான பதில் இன்னும் இல்லை.