முகத்தல் அளவைப் பெயர்கள்

நெல், அரிசி, எண்ணெய், பால் போன்றவற்றைப் பாத்திரத்தால் முகந்து அளப்பது முகத்தல் அளவை எனப்படும். இவ்வளவைப் பெயர்களுள் பல, முதலில் பாத்திரங்களின் பெயர்களே. தொல்காப்பியம் அளவுப் பெயர்கள் ஒன்பது எழுத்துகளில் தொடங்கும் என்கிறது. அதற்கு உரையாசிரியர் இளம்பூரணர் காட்டும் பெயர்கள்: கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு.

வாய்பாடு

2 ஆழாக்கு = 1 உழக்கு
2 உழக்கு = 1 உரி
2 உரி = 1 நாழி
8 நாழி = 1 குறுணி (மரக்கால்)
2 குறுணி = 1 பதக்கு
2 பதக்கு = 1 தூணி
3 தூணி = 1 கலம்

எனவே ஒரு கலம் 12 மரக்கால் அல்லது 96 நாழி ஆகும்.

பொருளும் வழக்கும்

'மேசைமேல் மூன்று படிகள் உள்ளன' என்றால் மூன்று பாத்திரங்கள். 'மூன்று படி அரிசி' என்றால் ஒரே படியால் மும்முறை அளந்த அரிசி. பாத்திரத்தைக் குறிக்கும்போது வரும் 'கள்' விகுதி, அளவைக் குறிக்கும்போது வருவதில்லை. 'மூன்று படி வாங்கினான்' என அரிசியைச் சொல்லாமலே அரிசியைக் குறித்தால், அது முகத்தல் அளவை ஆகுபெயர்.

பாத்திரம் அளவையாதல்

பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. கொள்ளளவும் ஒன்றாக இருக்க வேண்டும். குத்தகை நெல்லை அளக்கும் மரக்கால் ஓர் உழக்கு பெரிதாக இருந்தால், ஒரு கலத்துக்கு 3 நாழி கூடுதலாகப் போகும். நூறு கலம் அளக்கும் உழவர் மூன்று கலத்துக்கு மேல் இழப்பார். தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதிலும் இழப்பு உண்டு.

இதனால்தான் அளவைக்கு ஒரு பொது ஆதாரம் தேவைப்பட்டது. முதலாம் இராசராசன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் நெல்லின் அளவை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்தது என்றும், அது 'இராசகேசரி' என்னும் மரக்காலுக்கு ஒத்தது என்றும் குறிக்கின்றன. எந்த மரக்கால் என்று கல்லில் எழுதிவைத்ததால் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் ஐயம் எழவில்லை.

இன்றைய நிலை

1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, படியின் இடத்தை லிட்டரும் கிலோவும் பிடித்தன. ஆயினும் சமையற்கட்டில் 'ஓர் ஆழாக்கு அரிசிக்கு இரண்டு தம்ளர் தண்ணீர்' என்னும் பேச்சு மறையவில்லை. ஆழாக்கு ஒரு காலத்தில் வரையறுத்த அளவை. தம்ளர் வீட்டுக்கு வீடு மாறும் பாத்திரம். பாத்திரத்தின் பெயரை அளவையாக்குவது ஊரார் ஒப்பிய கொள்ளளவே.